விநாடி சரியானால் திசை தானாக வரும்

சிறிய செயற்கைக்கோளைப் பின்தொடரப் புறப்படுபவர் முதலில் கேட்பது, ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்புவது என்றுதான். பணமும் அந்தக் கேள்விக்குப் பின்னாலேயே போகிறது: இரண்டு அச்சில் சுழலும் ரொட்டேட்டர், அதற்கொரு கட்டுப்பாட்டுப் பெட்டி, அத்தனையையும் மொட்டை மாடியில் தாங்கி நிற்கக் கம்பம். இந்த அத்தியாயம் அந்த வரிசையை மாற்றிப் போடச் சொல்கிறது. தாழ் சுற்றுப்பாதையில் ஓடும் செயற்கைக்கோளைக் கணிப்பதில் நமக்கு வரும் பிழை பெரும்பாலும் நேரப் பிழை. திசையில் தெரிவது அதன் விளைவு. தண்டவாளத்தில் ஓடும் ரயிலைப் போல அது முன்னே பின்னே வருமே தவிர, பக்கத்து வயலில் இறங்கி ஓடாது. சுற்றுப்பாதையின் தளம் எப்படித் திரும்பும் என்பதை முக்கியமாக நிர்ணயிப்பது பூமியின் நடுப்பகுதிப் பருமன். அது நன்றாக அளக்கப்பட்ட விஷயம். சூரிய ஒத்தியக்கப் பாதையின் தளம் நாளொன்றுக்கு 0.9856 பாகை திரும்புகிறது என்று நான்கு தசம இடத்துக்குச் சொல்ல முடிவது அதனால்தான். பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் பிசகினாலும், 500 கி.மீ. உயரத்தில் இருக்கும் கோள் நம் தலைக்கு மேலே 0.1 பாகைதான் விலகித் தெரியும். ஆனால் ஓட்டத் திசையில் அது விநாடிக்கு 7.6 கி.மீ. போகிறது. அங்கே பத்து விநாடி பிசகினால் 76 கி.மீ.

முன்னே பின்னே வருவதற்குக் காரணம் காற்று. 500 கி.மீ. உயரத்திலும் கொஞ்சம் காற்று இருக்கிறது. அது கோளை இழுக்கிறது. இழுபட்ட கோள் தாமதமாக வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. இழுப்பால் பாதை தாழ்கிறது, தாழ்ந்த பாதையில் சுற்று சீக்கிரம் முடிகிறது, ஆகவே கோள் முன்கூட்டியே வந்துவிடுகிறது. இந்த முந்தல் நாட்களின் வர்க்கமாகக் கூடுவதுதான் கவனிக்க வேண்டியது. பொதுவெளியில் கிடைக்கும் சுற்றுப்பாதைத் தகவல், டிஎல்இ எனப்படும் இரண்டு வரிகளில் வருகிறது. வரிக்கு 69 எழுத்து. துளையட்டைக் காலத்துச் சிக்கனம். முதல் வரியின் 19ஆம் எழுத்திலிருந்து 32ஆம் எழுத்து வரை அந்தத் தகவல் எந்தக் கணத்துக்குரியது என்று இருக்கும். 26045.52083333 என்று அங்கே இருந்தால் 2026ஆம் ஆண்டின் 45ஆம் நாள், அதாவது பிப்ரவரி 14. தசமப் பகுதியை 24ஆல் பெருக்கினால் 12.5, உலகப் பொது நேரப்படி பகல் 12.30, இந்திய நேரத்தில் மாலை 6 மணி. அதையடுத்து 34 முதல் 43 வரையுள்ள எண், ஒரு நாளில் சுற்றுகளின் எண்ணிக்கை எவ்வளவு கூடுகிறது என்பதில் பாதி. பாதியாக அச்சிட்டிருப்பது கைக்கணக்குக்கு வசதி: அந்த எண்ணை நாட்களின் வர்க்கத்தால் பெருக்கினால், இழுப்பினால் கோள் எத்தனை சுற்று முந்தியிருக்கும் என்று நேராகவே வந்துவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அந்த எண் 0.00010000 என்று வைத்துக்கொள்வோம். சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில் 500 கி.மீ. உயரத்துச் சிறு கோளுக்கு இது அதிசயமான எண் இல்லை. இதில் 20 சதவீதம் பிழை இருந்தால், நாள் வர்க்கத்துக்கு 0.00002 சுற்று. அந்த உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 94.6 நிமிடம். முதல் நாளில் வரும் பிழை 0.1 விநாடி, யாருக்கும் தெரியாது. ஐந்தாம் நாளில் கிட்டத்தட்ட 3 விநாடி, பத்தாம் நாளில் 11, இருபதாம் நாளில் 45. மூன்று வாரப் பழைய தகவலை வைத்துக்கொண்டு உயர்தர ரொட்டேட்டரைத் திருப்புவது, கோள் 340 கி.மீ. தள்ளிப் போன பிறகு அது இருந்த இடத்தைத் துல்லியமாகக் குறிபார்ப்பதுதான். (கணிப்பு மென்பொருள் உண்மையில் இந்த எண்ணைத் தொடுவதில்லை. அதே வரியில் பின்னால் வரும் பிஸ்டார் என்ற இழுப்புக் கெழுவைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆனால் பிழை வளரும் விதம் அதேதான்.)

20 சதவீதம் என்பது மிகையான எடுத்துக்காட்டு என்று தோன்றினால், சூரியன் செய்ததைப் பார்க்கலாம். 2022 பிப்ரவரி 3 அன்று ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் கோள்களில் 40 வரை வட்டப்பாதைக்கு உயர முடியாமலே போயின. மிகப் பெரியது என்று சொல்ல முடியாத ஒரு புவிகாந்தப் புயல் வளிமண்டல மேலடுக்கைச் சூடேற்றி விரியச் செய்ததே காரணம். முந்தைய ஏவல்களைவிட இழுப்பு 50 சதவீதம் வரை கூடியதாக ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனமே தெரிவித்தது. அவை 210 கி.மீ. உயரத்தில் இருந்தவை, நாம் பேசுவது 500 என்பது உண்மைதான். ஆனால் புயல் காலத்தில் காற்றடர்த்தி விகித அளவில் கூடுவது மேலே போகப் போகக் குறைவதில்லை. 2003 அக்டோபருக்குப் பிறகு முதன்முறையாக 2024 மே 10 அன்று உச்ச நிலைப் புயல் வந்தது. அப்படிப்பட்ட நாளில் முந்தின வாரத்து இழுப்புக் கெழுவை நம்பிக் கணிப்பது வீண் வேலை. புயல் எச்சரிக்கை இருக்கும் நாட்களில் தகவலை நாள்தோறும், முடிந்தால் காலையும் மாலையும் புதுப்பிக்க வேண்டும். அமைதியான நாட்களில் 500 கி.மீ. கோளுக்கு மூன்று நான்கு நாள் இடைவெளி போதும். 400 கி.மீ.க்குக் கீழே இறங்கிவிட்ட கோளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

சரி, பத்து விநாடி பிசகினால் என்ன குடிமுழுகிப் போகும்? இங்கேதான் திசைக்குத் தரும் முக்கியத்துவம் அளவுக்கு மீறியது என்பது வெளிப்படுகிறது. தலைக்கு நேர் மேலே போகும்போது 500 கி.மீ. கோள் விநாடிக்கு 0.87 பாகை நகர்கிறது. தொடுவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில் இருக்கும்போது, தூரம் 1,700 கி.மீ. என்பதால், விநாடிக்கு 0.1 பாகைதான். ஆகவே பத்து விநாடித் தாமதம் கீழ்வானத்தில் ஒரு பாகை, உச்சியில் ஒன்பது பாகை. 437 மெகாஹெர்ட்ஸுக்கான ஏழு கம்பி யாகி ஆன்டெனாவின் பார்வை 40 பாகைக்கு மேல் அகலமானது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு ஒன்பது பாகைப் பிழை பிழையாகவே தெரியாது. ஆனால் அதே பத்து விநாடி அதிர்வெண்ணில் என்ன செய்கிறது என்று பாருங்கள். 437 மெகாஹெர்ட்ஸில் டாப்ளர் விலகல் கோள் எழும்போது மேலே 10 கிலோஹெர்ட்ஸ், மறையும்போது கீழே 10 கிலோஹெர்ட்ஸ். உச்சியைக் கடக்கும் நேரத்தில் விநாடிக்கு 150 ஹெர்ட்ஸுக்குக் குறையாமல் சரிகிறது. பத்து விநாடி பிந்திய கணிப்பை நம்பி ரிசீவரை நகர்த்தினால் 1.5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும். எஃப்எம் குரல் அதைப் பொறுத்துக்கொள்ளும். குறுகிய பட்டையில் வரும் 1200 பாட் தரவு பொறுக்காது. ஆன்டெனா கோளைப் பார்த்துக்கொண்டே இருக்கும், திரையில் ஒரு தகவல் பொட்டலமும் விழாது. குறை ஆன்டெனாவில் என்று நினைத்து அதைக் கழற்றிப் பூட்டத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

குறுகிய பார்வை கொண்ட ஆன்டெனா வைத்திருப்பவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார், அவர் மறுப்பதில் நியாயமும் இருக்கிறது. 2.2 கிகாஹெர்ட்ஸில் 3 மீட்டர் டிஷ்ஷின் பார்வை 3 பாகைதான். இரண்டு விநாடித் தாமதமே உச்சியில் சமிக்ஞையைப் பாதியாக்கிவிடும். அங்கே ரொட்டேட்டர் ஆடம்பரமல்ல. ஆனால் அவருக்கும் மருந்து அதே விநாடிதான்: கோள் கிடைக்கவில்லையென்றால் டிஷ்ஷை இடமும் வலமுமாகத் துழாவக் கூடாது, கணிப்பு நேரத்தை ஒவ்வொரு விநாடியாக முன்னே பின்னே நகர்த்திப் பாதை நெடுகத் தேட வேண்டும். இரு பரிமாணத் தேடல் ஒரு பரிமாணமாகச் சுருங்குகிறது. ரொட்டேட்டருக்கு இன்னொரு வரம்பும் உண்டு. கோள் 85 பாகை உயரம் வரை ஏறிக் கடந்தால் திசைக்கோணம் விநாடிக்குப் பத்துப் பாகை வேகத்தில் புரள வேண்டும். மலிவான மோட்டாருக்கு அந்த ஓட்டம் வராது. கம்பத்தைத் திருப்புவதற்குப் பதில் ஏற்றக்கோணத்தை 90 தாண்டி 180 வரை கொண்டுபோகும் வசதி கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

நேரத்தைச் சரிசெய்யும் வேலை சின்னது, ஆனால் செய்யாமல் விடப்படுவதும் அதுதான். கணினிக் கடிகாரத்தின் படிகம் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலே நாளுக்கு 1.7 விநாடி ஓடிவிடும். இணையம் இல்லாத மாடியிலோ வயல்வெளியிலோ மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்தால், நேற்று இறக்கிய புத்தம் புதிய தகவலும் பயனற்றதாகும். இணைய நேர ஒத்திசைவு, அது கிடைக்காத இடத்தில் ஜிபிஎஸ் ரிசீவர். இரண்டில் ஒன்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கடிகாரம் முழுவதும் உலகப் பொது நேரத்திலேயே இருக்கட்டும். இந்திய நேரத்துக்கான ஐந்தரை மணி நேரத்தை மனத்திலேயே கூட்டிக் கழிக்கும் பழக்கம் என்றைக்காவது அரைமணியை விழுங்கிவிடும். சென்னை அட்சரேகையில் 500 கி.மீ. துருவப்பாதைக் கோள் தொடுவானத்துக்கு மேலே நாளைக்கு நான்கு முறைபோல்தான் வருகிறது. 10 பாகைக்கு மேலே எழுந்து உருப்படியாகக் கேட்பது இரண்டு மூன்று முறை, அதிலும் மிஞ்சிப்போனால் ஒரு தடவைக்கு ஏழரை நிமிடம். ஏறக்குறைய ஒவ்வொரு சுற்றிலும் கோளைப் பார்க்கும் ஸ்வால்பார்ட் நிலையத்துக்கு இல்லாத நெருக்கடி நமக்கு இருக்கிறது.

இவ்வளவும் மென்பொருள் பார்த்துக்கொள்ளுமே, ஜிபிரெடிக்ட்டில் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினால் முடிந்தது என்று ஒருவர் சொல்லலாம். பாதி உண்மை. கணிப்புச் சூத்திரமான எஸ்ஜிபி4, 1980இல் ஸ்பேஸ்டிராக் மூன்றாம் அறிக்கையாக வெளியானது. டிஎல்இ எண்கள் அந்தச் சூத்திரத்துக்கென்றே வடிக்கப்பட்ட சராசரிகள் என்பதால், வேறு சூத்திரத்தில் போட்டால் கிலோமீட்டர் கணக்கில் பிசகும். இதை மென்பொருள் கச்சிதமாகச் செய்துவிடும். ஆனால் கொடுத்த தகவல் யாருடையது என்று அது கேட்பதில்லை. கூட்டமாக ஏவப்பட்ட கோள்களில் ஒன்றின் பெயரில் பக்கத்துக் கோளின் எண்கள் ஒட்டிக்கொள்வது நடக்கிற விஷயம். ஆகவே புதிய தகவல் வந்ததும் பழையதைத் தூக்கி எறியாமல், இரண்டையும் ஒரே கணத்துக்குக் கணித்து ஒப்பிட வேண்டும். புயலும் இல்லாமல், கோளில் உந்துபொறியும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவே பல விநாடி வேறுபாடு தெரிந்தால் புதியதைச் சந்தேகப்படுவதே முறை. கோளிலேயே ஜிபிஎஸ் இருக்கிறதே என்று இன்னொரு வாதம் வரும். இருக்கலாம். அந்த இடத்தை அது வானொலியில்தான் சொல்லும், அந்த வானொலியை முதலில் நாம் கேட்டாக வேண்டும்.

கேட்பது மிகக் கடினமாக இருப்பது ஏவிய முதல் நாட்களில். 2009 ஏப்ரலில் அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ அனுசாட், ரிசாட்-2 உடன் போனபோது ராக்கெட்டில் இருந்தவை இரண்டே கோள்கள். எது எது என்பதில் பெரிய குழப்பத்துக்கு இடமில்லை. 2016 ஜூன் 22 அன்று ஒன்றரைக் கிலோ சத்யபாமாசாட் ஏறிய பிஎஸ்எல்வி சி-34இல் மொத்தம் 20. அடுத்த பிப்ரவரி 15இல் சி-37 ஒரே தடவையில் 104 கோள்களை விட்டது. ரேடார் அத்தனையையும் புள்ளிகளாகப் பார்க்கிறது, பெயர் பார்ப்பதில்லை. பட்டியலில் முதலில் வருவது பொருள் ஏ, பொருள் பி என்ற வரிசைதான், பெயர் ஒட்டப் பல நாட்கள், சிலவற்றுக்கு வாரங்கள் ஆகலாம். நம் கோள் எந்தப் புள்ளி என்பதைச் சொல்லக்கூடியது அதன் குரல் மட்டுமே. இங்கே விநாடி நமக்கு உதவிக்கு வருகிறது. பிரியும்போது ஓட்டத் திசையில் விநாடிக்கு ஒரு மீட்டர் வேக வேறுபாடு பெற்ற இரண்டு கோள்கள், ஒரு நாளில் 260 கி.மீ. விலகிவிடும், நேரத்தில் 34 விநாடி. முன்பக்கமாகத் தள்ளப்பட்டதே பின்தங்கும் என்பதையும் நினைவில் வைக்கவும், தள்ளியதில் அதன் பாதை உயர்ந்து சுற்று நீண்டுவிடுகிறது. ஆக, நம் கோள் நமக்கு மிக அருகில் வந்த கணத்தை ஒரு விநாடிக்குள் குறித்துவிட்டால், பட்டியலில் உள்ள பொருள்களில் பெரும்பாலானவை இரண்டாம் மூன்றாம் நாளிலேயே தாமாக விலகிப்போகும்.

அந்தக் கணத்தைக் குறிப்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை என்பதற்குப் பழைய சான்று இருக்கிறது. 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் 20 மெகாஹெர்ட்ஸில் ஒலித்தபோது, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பயன்முறை இயற்பியல் ஆய்வகத்தில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இருவர் அதன் டாப்ளர் சரிவைப் பதிவு செய்து, தரையில் ஒரே இடத்தில் இருந்தபடியே சுற்றுப்பாதையைக் கணக்கிட்டார்கள். அவர்களுக்குக் கோளின் சரியான அதிர்வெண்கூடத் தெரியாது. அதையும் விடை காண வேண்டிய எண்களில் ஒன்றாக வைத்துக்கொண்டார்கள். நமக்கும் அந்த வழிதான் பொருத்தம். மலிவான எஸ்டிஆர் ரிசீவரின் படிகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 437 மெகாஹெர்ட்ஸில் 437 ஹெர்ட்ஸ் தவறும். கோளின் டிரான்ஸ்மிட்டரும் வெயிலிலும் நிழலிலும் மாறி மாறி ஓடுவதால் தன் பங்குக்குப் பிசகும். ஆனால் இவை டாப்ளர் வளைவை மேலே கீழே நகர்த்துமே தவிர முன்னே பின்னே நகர்த்துவதில்லை. வளைவு மிகச் செங்குத்தாகச் சரியும் கணம் அப்படியே இருக்கும். அதிர்வெண்ணில் நம்பத் தகாத கருவி, நேரத்தில் நம்பத் தகுந்த சாட்சி ஆகிறது.

பதிவு செய்யும்போது டாப்ளர் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். முதல் நாட்களில் திருத்தம் எதைக்கொண்டு நடக்கிறதோ அதைத்தான் சோதிக்கிறோம். எதிர்பார்க்கும் அதிர்வெண்ணின் இருபுறமும் சேர்த்து 50 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு, கோள் எழுவதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பிருந்து மறைந்து சில நிமிடம் வரை, தொடக்க நேரம் கோப்பிலேயே பதியும்படி எடுக்க வேண்டும். வாட்டர்ஃபால் திரையில் சாய்ந்த எஸ் வடிவம் தெரியும். சிறு கோள்களின் பீக்கன் அரை நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஒலிக்கும் என்றால் கோடு கிடைக்காது, புள்ளிகள்தான். கோள் உருண்டுகொண்டிருந்தால் நடுவில் சில விடுபடும். பரவாயில்லை, பத்துப் பன்னிரண்டு புள்ளிகளின் மேல் ஒவ்வொரு பொருளுக்கும் கணித்த வளைவை வைத்து, மேலும் கீழும் நகர விட்டு, எது படிகிறது என்று பார்க்கலாம். இதற்குத் தலைக்கு மேலே கடக்கும் தருணமே உகந்தது. உச்சம் 20 பாகை மட்டுமே எட்டும்போது சரிவு விநாடிக்கு 65 ஹெர்ட்ஸாகக் குறைவதால் குறிக்கும் நேரமும் மழுங்கிவிடும். ஒரே ஒரு கடப்பிலிருந்து முடிவு கட்டவும் வேண்டாம்: கிழக்கே சென்றதும் மேற்கே சென்றதும் ஏறக்குறைய ஒரே வளைவைத் தரும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரண்டும் ஒரே பொருளைக் காட்டினால் நம்பலாம்.

பெயர் ஒட்டிய பிறகும் ஒவ்வொரு பதிவிலிருந்தும் கணித்த நேரத்துக்கும் கண்ட நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை நோட்டில் தேதியோடு எழுதி வருவது நல்லது. ஒரே தகவலை வைத்து ஒரு வாரம் கணித்து அந்த வேறுபாடுகளை வரைந்தால், காரணம் அதன் வடிவத்திலேயே தெரியும். நாட்களோடு வளைந்து ஏறினால் காற்றிழுப்பு. நேர்கோடாக ஏறினால் சுற்று வேகமே தவறு, அதாவது தகவல் மோசம், இல்லையென்றால் பொருள் மாறிவிட்டது, அதுவும் இல்லையென்றால் ஒத்திசைக்காத நம் கடிகாரம் நாள்தோறும் ஓடுகிறது. ஏறாமல் ஒரே அளவில் நின்றால் வானத்தைக் குறை சொல்லாமல் நம் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அதை உறுதி செய்ய, காற்று ஏறக்குறைய எட்டாத உயரத்தில் ஓடும் கோள் ஒன்று கைவசம் இருப்பது உதவும். 1974இல் ஏவப்பட்டு, 1981இல் ஊமையாகி, 2002இல் மறுபடி பேசத் தொடங்கிய அமெச்சூர் கோள் ஆஸ்கர்-7 அப்படிப்பட்டது, 1,450 கி.மீ. உயரம், வெயில் படும்போது மட்டும் வேலை செய்யும். 145 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அதன் சரிவு உச்சியிலும் விநாடிக்கு 14 ஹெர்ட்ஸ்தான் என்பதால் ஓரிரு விநாடிக்கு உட்பட்ட நுணுக்கம் அதில் கிடைக்காது. ஆனால் அங்கேயும் அதே அளவு வேறுபாடு தெரிந்தால் தகவலைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டு, நேர ஒத்திசைவு ஓடுகிறதா என்று பாருங்கள்.